திருமூர்த்தியின் நாடி குடியிருந்த கூண்டு

கேத்திப் பள்ளத்தாக்கில், கேரட் கழுவும் இயந்திரங்களின் இரைச்சலுக்குச் சற்று மேலே, தகரக் கூரை போட்ட வீடுகள் ஒன்றின் தோளை ஒன்று பிடித்துக்கொண்டு சரிவில் உருண்டுவிடாமல் நிற்கும் பேரிக்காய் லைனின் கடைசி வீட்டில், திருமூர்த்தி என்கிற மனிதனின் இதயம் ஹாம்ஸ்டர் என்கிற வளர்ப்பு எலி ஒன்றின் உடம்புக்குள் இரண்டு வருஷத்துக்கும் மேலாகத் துடித்துக்கொண்டிருந்தது. அந்த ஹாம்ஸ்டருக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் வைத்தவள், அந்த மனிதனுக்குப் பயந்து மலையேறி ஓடி வந்த அவன் மனைவி கலாமணி.

அவள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு துணிப்பையையும் மகள் கனிஷ்காவையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவளுடைய இடது காது வீங்கியிருந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா மட்டும் ஒரு பானை சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கேரட் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை கிடைத்தது, மகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது, ஆனாலும் பயம் அவளோடு அதே பஸ்ஸில் ஏறி வந்து அதே வீட்டில் குடியிருந்தது. சாயங்காலம் கீழே பஸ் வந்து நிற்கும் ஓசை கேட்டால் அவள் கை செய்துகொண்டிருந்த வேலை நின்றுவிடும், இறங்கி மேலே ஏறி வருகிற செருப்புச் சத்தங்களுக்குள் இடது காலைச் சற்றே இழுத்து வைக்கிற திருமூர்த்தியின் சத்தம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நிற்பாள், எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுப்பைத் தூண்டுவாள்.

கனிஷ்காவின் பிறந்த நாளன்று அந்தக் காலடி வரவில்லை, அதற்குப் பதிலாகத் திருமூர்த்தியின் தங்கை புருஷன் ஒரு கம்பிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான், உள்ளே பொரி நிறத்தில் கைக்குள் அடங்குகிற ஒரு உயிர் சுருண்டு படுத்திருந்தது, அப்பா கொடுத்துவிட்டார் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டான். அவனுடைய எந்தப் பொருளும் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று கலாமணி கூண்டை வாசலிலேயே வைத்தாள், மறுநாள் திருப்பி அனுப்பிவிடுவதாக இருந்தாள், ஆனால் மலைப்பாதையின் வளைவுகளில் தண்ணீர் பாட்டில் ஒழுகிக் காலியாகியிருந்தது, அந்தச் சின்ன ஜீவன் எழுந்து வந்து வறண்ட குழாயின் முனையை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது, அவள் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள். அன்றைக்கு அவள் தண்ணீர் ஊற்றியது தப்பா சரியா என்று லைனில் இன்றைக்கும் பேச்சு உண்டு.

கனிஷ்கா அதற்குப் பொரி என்று பேர் வைத்தாள். பயண அலுப்பில் அது சோர்ந்து கிடந்ததால் தாயும் மகளும் அதை ஒரு சின்னக் கூடையில் வைத்து மாட்டு டாக்டர் போஜனிடம் கொண்டு போனார்கள். அவர் எருமைக்கும் குதிரைக்கும் வைக்கிற ஸ்டெதாஸ்கோப்பை அதன் நெஞ்சில் வைத்துக் கேட்டார், குழாயை உதறிவிட்டு மறுபடியும் கேட்டார். ஹாம்ஸ்டரின் நெஞ்சு எண்ண முடியாத வேகத்தில் அடிக்க வேண்டும், ஆனால் இதன் நெஞ்சு அவசரமில்லாத ஆள் படியேறுகிற மாதிரி ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

"இது எலி நெஞ்சு இல்லம்மா. ஆம்பிளை நெஞ்சு," என்றார் டாக்டர். "நாப்பது வயசு இருக்கும். குடிப்பழக்கம் உண்டு."

சொல்லிவிட்டு, கன்று ஈன்ற மாட்டுக்குச் சொல்வது போலவே நிதானமாக, இதற்கு என்னென்ன வேண்டும் என்று சொன்னார். படுக்க ஆழமாகக் காகிதத் துணுக்குகள் வேண்டும், அதற்குள் குழி பறித்துத்தான் அது தூங்கும், பகல் முழுக்கத் தூங்குகிற ஜாதி, எழுப்பினால் கடிக்கும். தண்ணீர் பாட்டிலின் முனையில் இருக்கிற குண்டு அடைத்துக்கொள்கிறதா என்று தினமும் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். தானியம் ஒரு ஸ்பூன், கேரட் நகத்தளவு, வெங்காயம் பூண்டு ஆரஞ்சு கூடவே கூடாது. பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடிக்க மரத்துண்டு போட வேண்டும். ஓடுவதற்குச் சக்கரம் வேண்டும், இல்லாவிட்டால் மனசு கெட்டுப்போகும். தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது, மணல் வைத்தால் அதுவே புரண்டுகொள்ளும். இன்னொன்றை அதன் கூண்டில் விடக் கூடாது, இது தனியாக வாழ்கிற ஜாதி, இரண்டை விட்டால் காலையில் ஒன்றுதான் இருக்கும். கடைசியாக, குளிர் தாங்காது என்றார். ரொம்பக் குளிர்ந்தால் செத்த மாதிரி விறைத்துவிடும், மூச்சுகூடத் தெரியாது, அவசரப்பட்டுப் புதைத்துவிடாமல் உள்ளங்கையில் வைத்து மெல்லச் சூடேற்ற வேண்டும் என்றார்.

அதே சமயத்தில் கீழே மேட்டுப்பாளையத்தில், உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த திருமூர்த்திக்கு நாடி காணாமல் போயிருந்தது. காய்ச்சல் என்று ஊசி போடப் போன இடத்தில் நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்தாள், மறு கையைப் பிடித்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள்; நெஞ்சில் ஒட்டிய வயர்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டைப் போட்டுக்கொண்டிருக்க, அவன் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். பகலெல்லாம் தூக்கம் தள்ளுகிறது, பொழுது சாய்ந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஓடுகிறவன் மாதிரி மூச்சு வாங்குகிறது என்றான். அந்தக் கூண்டை அனுப்பியதிலிருந்துதான் இப்படி என்று அவன் தங்கை கணக்குப் போட்டுச் சொன்னாள். ஒரு நாள் குடம் குடமாகக் குடித்தும் தீராத தாகம் எடுத்தது. பிற்பாடு விசாரித்ததில், அன்றைக்குத்தான் இங்கே பொரியின் பாட்டில் முனையில் குண்டு அடைத்துக்கொண்டிருந்தது.

அவன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலமாகியிருந்தது, கனிஷ்கா பொரியை உள்ளங்கையில் வைத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். இடது காலை இழுத்து வைக்கிற அந்தச் சத்தம் கீழே பாதையில் கேட்டதும் கலாமணி மகளை உள்ளே இழுத்துக்கொள்ள வாசலுக்கு ஓடி வந்தாள். அப்போது கனிஷ்கா, பொரிக்கு நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மேடு ஏறி வந்த மாதிரி அடிக்கிறது என்றாள். பாதை திரும்புகிற இடத்தில் அவன் மூச்சு வாங்க நின்றான், இப்போது மெதுவாகிவிட்டது என்றாள். அவன் மறுபடி ஏறினான், மறுபடி வேகமாகிவிட்டது என்றாள். அவன் வாசலில் வந்து நின்று, மூன்று வருஷத்துக்குப் பிறகு மகளைப் பார்த்தபோது, அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"அப்பா, உங்க நெஞ்சு இதுக்குள்ள இருக்குதுங்கப்பா."

டாக்டர் போஜன் வரவழைக்கப்பட்டார். அவர் திருமூர்த்தியின் சட்டையை விலக்கி நெஞ்சில் கேட்டார், அது பூட்டிய வீடு மாதிரி நிசப்தமாக இருந்தது; பொரியின் நெஞ்சில் கேட்டார்; திருமூர்த்தியை எழுந்து நடக்கச் சொல்லிவிட்டு மறுபடி பொரியின் நெஞ்சில் கேட்டார். சந்தேகமில்லை என்று சொல்லிவிட்டு ஸ்டெதாஸ்கோப்பைப் பைக்குள் சுருட்டி வைத்தார்.

பேரிக்காய் லைன் இதை ஏற்றுக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த ராட்சசன் கதையை எல்லாரும் சின்ன வயதில் கேட்டிருந்தார்கள், அவன் தெரிந்தே ஒளித்துவைத்தான், இவனுக்குத் தெரியாமலே போய்விட்டது, அதுவும் யாரை அடித்தானோ அவள் வீட்டுக்கே போய்விட்டது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார்கள். ஆனால் அன்றிலிருந்து லைனின் ஆண்கள் பீடி பற்றவைக்கிற சாக்கில் தங்கள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள், பெண்கள் ஆட்டின் நெஞ்சிலும் கோழியின் நெஞ்சிலும் காதை வைத்துக் கேட்டார்கள், பொண்டாட்டியின் மேல் இருக்கிற கோபத்தை நாயை உதைத்துத் தீர்த்துக்கொள்கிற ஒருவன் அந்த நாய்க்குச் சாக்கு விரித்துப் படுக்கை போட்டான், சந்தையில் கோழி வாங்கப் போனவர்கள் எந்தக் கோழிக்குள் யார் இருக்கிறார்களோ என்று வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். மளிகைக் கடை ஹனீபா பாய் சூரியகாந்தி விதை வாங்கி வைத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பழைய நோட்டுகளைக் கிழித்துப் படுக்கைக்குத் துணுக்குப் போட்டார்கள். பகலில் பொரி தூங்குகிறது என்று கடைசி வீட்டுக்கு முன்னால் யாரும் பாட்டுப் போடுவதில்லை, விறகு பிளப்பதில்லை, துணி துவைக்கிற கல்லைக்கூட இரண்டு வீடு தள்ளி மாற்றிவிட்டார்கள்.

கலாமணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுடைய பயம் குறையவில்லை, இடம் மாறியது. ஒரு மத்தியானம் ஸ்டெல்லா அக்கா பூசணி விதையைக் காயவைத்து ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தாள், உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள், எழுந்து போகும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கலா, கொக்கி மாட்ட மறந்துட்டேன்னு வெய்யி. லைன்ல பூனை இருக்குது. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்."

அக்கா போனதும் கலாமணி ஜன்னல் கொக்கியை மாட்டி, அதன் மேல் ஒரு கம்பியையும் சுற்றி முறுக்கினாள். இத்தனை வருஷம் அவனுடைய கையைப் பார்த்துப் பயந்தவள் இப்போது தன்னுடைய கையைப் பார்த்துப் பயந்தாள். மண்டியில் குளிர்ந்த தண்ணீரில் மரத்துப்போன விரல்களால் பொரியைத் தூக்கும்போது இந்த விரல்கள் கொஞ்சம் அழுத்தினால் போதும் என்று அவளுக்குத் தோன்றும், உடனே அதைக் கீழே விட்டுவிட்டு அடுப்பில் கையைச் சூடு காட்டிவிட்டுத் திரும்ப வருவாள். அது தானாகவே செத்தாலும் ஊர் இவள்தான் என்று சொல்லும். கனிஷ்காவும் ஒருநாள் அப்படி நினைப்பாள். அதனால் அவள் பாட்டிலை இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள், விதையில் பூஞ்சை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தாள், ஈரமான துணுக்கை அன்றன்றைக்கே எடுத்து மாற்றினாள்; திருமூர்த்தியோடு வாழ்ந்த காலத்தில்கூட அவள் அவனை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

அன்றைக்கு வெறுங்கையோடு இறங்கிப் போன திருமூர்த்தி மறுபடி வந்து கூண்டைக் கேட்டான். தன்னுடையதை அடுத்தவர் வீட்டில் விட்டுவைக்க முடியாது என்றான். கனிஷ்கா அழுதாள், கலாமணி எடுத்துக் கொடுத்தாள், விதை டப்பாவையும் மணல் கிண்ணத்தையும் மரத்துண்டையும் சேர்த்துக் கொடுத்து, டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவன் காதில் வாங்கவில்லை. மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கூண்டு மடியில் சரிந்தது, ஒவ்வொரு சரிவிலும் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மேட்டுப்பாளையத்து வெக்கையில் பொரி நாக்குத் தள்ளிக் கிடந்தது. தன் நெஞ்சு இப்போதும் அடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவன் நாள் முழுக்கக் கூண்டைத் தட்டி எழுப்பினான், அது பயந்து கடித்தது. நாற்றம் அடிக்கிறது என்று ஒரு சொம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினான், அந்தக் கோடையில் இரண்டு கம்பளிக்குள் படுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினான். வெங்காய பஜ்ஜியின் ஒரு துண்டைப் போட்டான், அன்றைக்கு அவன் கண்ணுக்கு முன்னால் எல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் தாங்கவில்லை, கூண்டோடு மேலேறி வந்து வாசலில் வைத்துவிட்டு, முகம் வற்றி நின்றான்.

"என்னைய என்னால பாத்துக்க முடியலை, கலா," என்றான்.

அவள் கூண்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்தாள். அவனும் உள்ளே வந்தான். தன் உயிர் இங்கே இருக்கும்போது தான் வேறு எங்கே போய் இருப்பது என்று கேட்டான், லைனும் விட்டுவிட்டது. டாக்டர் போஜன் மட்டும், தனியாக வாழ்கிற ஜாதி என்று அன்றைக்கே சொன்னேனே என்று முணுமுணுத்தார். முன்னறையில் அவனும் பொரியும், சமையலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு தாயும் மகளும் என்று அந்த வீடு இரண்டாகப் பிரிந்தது. முதல் சில வாரம் அவன் கூண்டுக்கு முன்னால் பூசாரி மாதிரி உட்கார்ந்திருந்தான். பிறகு குழம்பில் உப்பில்லை என்று ஆரம்பித்தான், மண்டியில் யாரோடு சிரித்தாய் என்று கேட்டான், தண்ணீர் பாட்டில் சொட்டுகிறது, என்னைக் கொல்லப் பார்க்கிறாயா என்று ஒரு சாயங்காலம் கையை ஓங்கினான். ஓங்கிய கையைப் பார்த்ததும் கலாமணி பழக்கத்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். அதே நொடியில் கூண்டுக்குள் பொரி மூலையில் பதுங்கிப் படபடத்தது, திருமூர்த்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவனால் அடிக்க முடியவில்லை. கையை ஓங்குவான், இறக்குவான். விழுந்துவிட்ட அடி விழுந்ததோடு முடிந்துவிடும், விழாத அடிக்கு முடிவே இல்லை, அது சமைக்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்றது, கேரட் பிரிக்கும்போது தலைக்கு மேல் நின்றது. கனிஷ்கா பேசுவதைக் குறைத்துக்கொண்டாள், அப்பா வீட்டில் இருக்கும்போது விரல் நுனியில் நடக்கப் பழகிக்கொண்டாள்.

ஜனவரியில் பள்ளத்தாக்கில் உறைபனி விழுந்தது. சக்கரத்தில் பொரி ஓடுகிற ஓட்டம் தன் நெஞ்சைப் பிறாண்டுகிறது, தூங்கவிட மாட்டேன் என்கிறது என்று திருமூர்த்தி முதல்நாள் பொழுது சாயும்போதே கூண்டைத் தூக்கி உடைந்த கண்ணாடியுள்ள பின் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் படுத்திருந்தான். விடிந்து கலாமணி கதவைத் திறந்தபோது புல்லெல்லாம் உப்புப் போட்ட மாதிரி வெள்ளையாக இருந்தது, அவன் பாயில் மல்லாந்து கிடந்தான், உதடு நீலமாக இருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு அவள் ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டாள். நாடி ஏற்கெனவே இல்லாத ஆள் என்பதால் பிடித்துப் பார்க்கவும் வழியில்லை, மூக்குக்கு நேராகக் கண்ணாடி காட்டினார்கள், ஆவி படியவில்லை. ஹனீபா பாய் வண்டி பேசப் போனார், யாரோ அவன் தங்கைக்குப் போன் போட்டார்கள், ஸ்டெல்லா அக்கா கால் கட்டைவிரல்களைக் கட்டுவதற்குத் துணி தேடினாள்.

கலாமணி கூண்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பொரி சுருண்டு விறைத்துக் கிடந்தது, கூழாங்கல் மாதிரி குளிர்ந்திருந்தது. அவசரப்பட்டுப் புதைத்துவிடாதே என்று டாக்டர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை, ஒரு வார்த்தையும் மறக்கவில்லை. அவள் அதை முந்தானையின் மேல் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். தாழ்ப்பாள் போடாமல் தூங்குகிற ஒரு ராத்திரியை நினைத்தாள். பஸ் வந்து நிற்க, காதைத் தீட்டிக்கொண்டு நிற்காமல் சோற்றை வடிக்கிற ஒரு சாயங்காலத்தை நினைத்தாள். தான் ஒன்றும் செய்யவில்லை, ஜன்னலில் வைத்தது அவன், பனி பெய்தது மேலிருந்து, இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும் என்று நினைத்தாள். வெளியே பெண்கள் அழுவதற்குக் குரலைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே வந்த வெயில் சமையலறைச் சுவரின் உச்சியைத் தொட்டு, மெல்ல இறங்கி, கரண்டிகள் தொங்குகிற ஆணிக்கு வந்தது. அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

மூலையில் போர்வைக்குள் விழித்துப் படுத்திருந்த கனிஷ்கா எழுந்து வந்து பக்கத்தில் குந்தினாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பொரிக்குக் குளுருதும்மா," என்றாள். பிறகு, "நான் எடுத்துக்கட்டுமா?" என்று கையை நீட்டினாள்.

கலாமணி அந்தச் சின்னக் கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளில் வைத்து அது பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும், பிள்ளை ஆயுசுக்கும் சுமப்பாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அவளே பொரியை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி எடுத்து, வாயருகே கொண்டுபோய், சூடாக மூச்சு விட்டாள், மறுபடியும் விட்டாள், அடுப்பு மேடையின் கதகதப்பில் சாய்ந்துகொண்டு விட்டுக்கொண்டே இருந்தாள். வெகுநேரத்துக்கு அப்புறம் ஒரு மீசை முடி அசைந்தது. ஒரு கால் உதறியது. உள்ளங்கைக்குள் யாரோ படியேறுகிற மாதிரி ஒரு அடி, இன்னொரு அடி. முன்னறையில் திருமூர்த்தி இழுத்து மூச்சு விட்டான், அழுதுகொண்டிருந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள், ஸ்டெல்லா அக்கா கையிலிருந்த துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மத்தியானம் எல்லாரும் போன பிறகு அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ ரொம்ப நேரம் ஒண்ணும் பண்ணாம உக்காந்திருந்தே," என்றான்.

"ஆமாங்க," என்றாள் கலாமணி.

"எனக்கு எல்லாந் தெரிஞ்சுது. உன் முந்தானை வாசங்கூடத் தெரிஞ்சுது."

அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். அவள் பொரியின் கூண்டில் ஈரமான துணுக்குகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை, அவளுடைய கை நடுங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவளைப் பார்த்து அவன் பயந்தான். கம்பளியைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு இறங்கிப் போனான், இடது காலை இழுத்து வைக்கிற சத்தம் பாதையில் தேய்ந்துகொண்டே போவதைக் கனிஷ்கா வாசலில் நின்று கேட்டாள்.

அதன் பிறகு அவன் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் போன் மட்டும் செய்தான். சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, பல் சரியாக இருக்கிறதா என்று கேட்பான், குரல் பணிவாக இருக்கும், கலாமணி சுருக்கமாகப் பதில் சொல்லி வைத்துவிடுவாள். குடிப்பதை நிறுத்திவிட்டான் என்றும், தெருவில் பூனையைப் பார்த்தால்கூட வழி விட்டு நிற்கிறான் என்றும் ஹனீபா பாய் வந்து சொல்வார். இங்கே பொரிக்கு வயதாயிற்று. முதுகில் முடி கொட்டியது, ஒரு கண் பால் படர்ந்தது, சக்கரத்தில் ஏறி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிவிடும். கலாமணி சக்கரத்தைத் தாழ்த்திக் கட்டினாள், விதையைப் பொடித்து வைத்தாள், கேரட்டை வேகவைத்து மசித்தாள். இந்த ஜாதிக்கு இரண்டு வருஷம், மிஞ்சினால் இரண்டரை, நீ நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாய் என்றார் டாக்டர் போஜன். அவள் ஒவ்வொரு காலையிலும் கூண்டு மூடியைத் திறக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டாள்.

அது செத்தது ஒரு சாதாரணப் பகலில், மண்டிக்கு விடுமுறையான நாளில், அவள் மடியில். குளிர் இல்லை, விறைப்பு இல்லை, அடி வைத்துக்கொண்டே வந்த ஒருவர் நின்றுவிட்ட மாதிரி நின்றுவிட்டது. அவள் விடாமல் சூடேற்றிப் பார்த்தாள், டாக்டரும் வந்து கேட்டுவிட்டுத் தலையாட்டினார். கனிஷ்கா சத்தமில்லாமல் அழுதாள், லைனே கூடி நின்று பேரிக்காய் மரத்தடியில் ஒரு குழி வெட்டியது. பிறகு எல்லாரும் வேலைக்குப் போகாமல் போனையும் கீழே பஸ் ரோட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், கலாமணி நெற்றியில் இருந்த பொட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சேதி வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

சரக்கு எடுக்கப் போன ஹனீபா பாய் வந்துதான் சொன்னார். திருமூர்த்தி மண்டியில் மூட்டை சுமக்கிறான், வியர்க்கிறது, கழுத்தில் நரம்பு குதிக்கிறதைத் தன் கண்ணால் பார்த்தேன், நெஞ்சு அவனிடமே திரும்பிப் போய்விட்டது, அவனுக்குத்தான் தெரியவில்லை என்றார். இரண்டு மணிக்கட்டிலும் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறான், யாரையும் தொடவிடுவதில்லை, தானும் தொட்டுப் பார்ப்பதில்லை, தொட்டுப் பார்த்து மறுபடியும் அங்கே ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அவ்வளவு பயம் என்றார். டாக்டர் போஜன், ஒரு மனுஷனிடம் அவன் நெஞ்சு அவனிடம்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுவதுதான் நியாயம் என்றார். ஸ்டெல்லா அக்கா, சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பான் என்றாள். லைன் இரண்டாகப் பிரிந்து வாதாடிவிட்டு, கலாமணியின் முகத்தைப் பார்த்தது. அவள் காலிக் கூண்டைக் கழுவி வெயிலில் காயவைத்து, உள்ளே எடுத்து வந்து பழைய இடத்தில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. கலாமணி அதைக் கையில் எடுத்தாள், பொய் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், உண்மையைச் சொன்னால் அந்தக் காலடி மறுபடியும் ஏறி வரும். அடித்துக்கொண்டே இருந்த போனைக் கனிஷ்கா அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் காதில் வைத்தாள்.

"நல்லா இருக்குதுங்கப்பா," என்றாள். "சாப்பிட்டுச்சு. இப்பத்தான் தண்ணி மாத்துனோம்." அந்தப் பக்கம் ஏதோ கேட்கிற சத்தம் வந்தது. "இல்லீங்கப்பா, நீங்க வர வேண்டாம். உங்க காலடி கேட்டா அதுக்குப் படபடன்னு அடிச்சுக்குது. அப்பறம் உங்களுக்குத்தான் ஆவாது, பாத்துக்குங்க."

அமைதியாகச் சொன்னாள், அக்கறையோடு சொன்னாள், ஒரு சொல்லில்கூடத் தடுமாற்றம் இல்லை. அக்கறை மாதிரியே மிரட்டுகிற அந்தக் குரலைக் கலாமணி வேறொரு வாயிலிருந்து பல வருஷம் கேட்டிருக்கிறாள். மகள் போனை வைத்ததும் அவளை இழுத்து மடியில் சாய்த்து, சட்டையை விலக்கி, அந்தச் சின்ன நெஞ்சில் காதை வைத்தாள், யாருடைய சத்தம் கேட்குமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். அங்கே ஒரு குழந்தையின் நெஞ்சுதான் இருந்தது, அது பயந்துபோய், நிறுத்த முடியாமல், வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தது.